திராயான் வெற்றித்தூணில் தோற்றோர்: காட்சி விளக்கங்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ரோம் நகரில் கி.பி. 113இல் அர்ப்பணிக்கப்பட்ட திராயான் தூணின் சிற்பப் பட்டை, டேசியப் போர்களின் தொடர் வரலாறாகவே பெரும்பாலும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அப்பட்டையில் எழுத்து ஏதுமில்லை. இன்று அச்சில் காணும் காட்சி எண்களும் தலைப்புகளும் பிற்காலத்தார் சேர்த்தவை. பேரரசன் இடம்பெறும் காட்சிகளில் பொருள் பெரும்பாலும் ஐயமின்றித் துலங்குகிறது. தோற்ற டேசியர் தனித்து இயங்கும் காட்சிகளிலோ விளக்கங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. இம்முரண்களின் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திராயான் தூண், டேசியப் போர்கள், டெசிபாலஸ், புடைப்புச் சிற்பம், மார்க்கஸ் அரேலியஸ் தூண், காட்சி விளக்கம்.

முன்னுரை

திராயானின் டேசியப் போர்கள் (கி.பி. 101–102, 105–106) பற்றிய எழுத்துச் சான்றுகள் மிகக் குறைவு. பேரரசனே எழுதிய போர்க்குறிப்பு நூலில் இன்று எஞ்சியிருப்பது ஒரே ஒரு தொடர். அதுவும் பிரிசியன் என்னும் இலக்கண ஆசிரியர் மொழிப் பயன்பாட்டுக்குச் சான்றாக எடுத்தாண்டதால் பிழைத்தது. போரில் உடனிருந்த மருத்துவர் கிரிட்டோவின் நூலில் சில துணுக்குகளே கிடைக்கின்றன. காசியஸ் டியோவின் வரலாற்றில் இப்போர்கள் பற்றிய பகுதி, 11ஆம் நூற்றாண்டில் சிஃபிலினஸ் என்னும் துறவி செய்த சுருக்கத்தின் வழியாகவே பெரிதும் அறியப்படுகிறது. இந்த வறுமையே தூணின் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றியது. நூல்கள் சொல்லாததைக் கல் சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது; கல்லும் சொல்லிவிட்டதாகப் பலர் கருதினர்.

தூணில் எழுத்தே இல்லை என்பதில்லை. பீடத்தின் வாயிலுக்கு மேல் ஒரு கல்வெட்டு உள்ளது. செனட் சபையும் ரோம மக்களும் பேரரசனுக்கு இதை எழுப்பினர் என்றும், இவ்விடத்தில் அகற்றப்பட்ட மேட்டின் உயரத்தைக் காட்டுவது தூணின் நோக்கம் என்றும் அது கூறுகிறது. டேசியாவைப் பற்றியோ போரைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை; திராயானின் பட்டங்களுள் ஒன்றாக 'டேசியரை வென்றோன்' என்பது மட்டும் வருகிறது. டேசியாவில் கிடைத்த கொள்ளைச் செல்வத்தால் கட்டப்பட்ட மன்றத்தின் நடுவே நிற்கும் தூண், தன் கல்வெட்டில் மண்வேலையைப் பேசுவது வியப்புக்குரியது. போர் முழுவதும் உருவங்களிடம் விடப்பட்டுள்ளது.

தூணும் அதன் வாசகரும்

பீடத்தை நீக்கினால் தூணின் உயரம் ஏறத்தாழ 30 மீட்டர். ரோமர் அளவையில் 100 அடி. கராராப் பளிங்கின் பெரும் உருளைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உட்புறத்தைக் குடைந்து 185 படிகள் கொண்ட திருகுப்படி அமைத்துள்ளனர். வெளிப்புறத்தில் சிற்பப் பட்டை 23 சுற்றுகளாக மேலேறுகிறது. விரித்தால் அதன் நீளம் 200 மீட்டருக்கு நெருங்கிவரும். அதில் 2,500க்கும் மேற்பட்ட உருவங்கள் உள்ளன. திராயான் மட்டும் ஏறக்குறைய 60 முறை தோன்றுகிறான்.

இப்பட்டையைத் தரையில் நின்று முழுமையாகக் காண இயலாது. கதையைத் தொடர வேண்டுமெனில் தலையை அண்ணாந்தபடி 23 முறை சுற்றிவர வேண்டும். சில சுற்றுகளுக்கு மேல் உருவங்கள் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படா. தூணின் இருபுறமும் நின்ற நூலகங்களின் மேல்தளங்களிலிருந்து பார்த்திருப்பர் என்பது ஒரு விடை. அங்கிருந்தும் ஒரு பக்கம் மட்டுமே தெரியும். பார்ப்பதற்காகவே இச்சிற்பங்கள் செதுக்கப்பட்டன என்ற கருத்தையே பிரெஞ்சு வரலாற்றறிஞர் பால் வெய்ன் மறுத்தார். அரச மாண்பு தன்னைப் பார்ப்போர் உண்டா என்று கேட்பதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். சால்வதோரே செத்திஸ் உள்ளிட்டோர் வேறொரு வழியைக் காட்டினர். சுற்றிவராமல் ஓரிடத்தில் நின்று கீழிருந்து மேலாக நோக்கினால், முதன்மையான காட்சிகள் ஒரே செங்குத்துக் கோட்டில் அமைந்திருப்பது தெரியும் என்றனர். இரு போர்களையும் பிரிக்கும் வெற்றித் தேவதையின் உருவமும், அதற்கு வெகு மேலே டேசிய மன்னன் டெசிபாலஸ் உயிர்விடும் காட்சியும் இவ்வாறு ஒரே கோட்டில் நிற்கின்றன.

செங்குத்து வாசிப்பு பயனுள்ளது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வென்றவன், வெற்றித் தேவதை, வீழ்ந்த மன்னன் என்னும் வரிசை அதில் கூர்மையடைகிறது. அக்கோட்டில் விழாத காட்சிகள், குறிப்பாகப் பெயரற்ற டேசிய மக்கள் இடம்பெறும் காட்சிகள், கணக்கிலிருந்தே நழுவிவிடுகின்றன.

இன்றைய ஆய்வாளர் பெரும்பாலும் வாசிப்பது தூணை அன்று, அதன் அச்சுவார்ப்புகளையே. மூன்றாம் நெப்போலியனின் ஆணைப்படி 1861–1862இல் எடுக்கப்பட்ட வார்ப்புகளின் நிழற்படங்களைக் கொண்டு கான்ராட் சிக்கோரியஸ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் பெரும்பதிப்பை வெளியிட்டார். பட்டையை 155 காட்சிகளாகப் பகுத்தவர் அவரே. சிற்பத்தில் அத்தகைய எல்லைகள் இல்லை; மரம், சுவர், பாறை ஆகியவை சிற்சில இடங்களில் பிரிப்பாக நிற்பினும் பட்டை இடையறாது ஓடுகிறது. லெப்பரும் ஃபிரேரும் 1988இல் அப்படங்களைப் புதிய உரையுடன் மீண்டும் பதிப்பித்தபோதும் அதே எண்களே தொடர்ந்தன. இக்கட்டுரையும் அவற்றைத் தவிர்க்க இயலவில்லை. எண் வந்ததும் தலைப்பு வருகிறது. தலைப்பு வந்ததும் கல் பேசியதாகத் தோன்றிவிடுகிறது.

பேரரசன் நிற்கும் இடங்கள்

1926இல் வெளிவந்த தம் நூலில் கார்ல் லேமன்-ஹார்ட்லெபன் ஒரு முக்கியமான உண்மையை நிறுவினார். பட்டையின் பெரும்பகுதி மீண்டும் மீண்டும் வரும் சில காட்சி வகைகளால் ஆனது: படைகளிடம் உரையாற்றல், பலியிடல், அணிவகுப்பு, கோட்டை கட்டுதல், தூதரை ஏற்றல், பகைவர் பணிதல். இவ்வகைகளில் திராயானின் நிலையும் கையசைவும் ஏறத்தாழ வரையறுக்கப்பட்டவை. மேடைமேல் நின்று கையை நீட்டினால் உரை. தலையை ஆடையால் மூடிப் பலிபீடத்தின் அருகே நின்றால் பலி. அவன்முன் மண்டியிட்டோர் இருப்பின் பணிதல். ரோம நாணயங்களில் பழகிய கண்ணுக்கு இவை உடனே விளங்கும். திராயானின் உருவமே அக்காட்சிக்குத் தலைப்பாக நிற்கிறது எனலாம்.

இதற்கு விலக்கில்லாமல் இல்லை. 30ஆம் காட்சியில் திராயான் ஒரு டேசியப் பெண்ணை நோக்கிக் கையை நீட்டுகிறான். அவள் கையில் குழந்தை, அப்பால் கப்பல். இதனைக் கருணை என்றும் நாடுகடத்தல் என்றும் இருவகையாக விளக்கியுள்ளனர். டெசிபாலஸின் உடன்பிறந்தாள் சிறைப்பட்டதாக டியோ கூறுவதைக் கொண்டு, இவள்தான் அவள் என்று பெயரிட்டோரும் உளர். அதற்குச் சிற்பத்தில் எந்த அடையாளமும் இல்லை. நூலில் ஒரு பெண் உண்டு, கல்லில் ஒரு பெண் உண்டு. இரண்டையும் ஒட்டவைத்தது வாசகரின் விருப்பம். இங்கும் ஐயம் திராயானைப் பற்றியதன்று. கையை நீட்டுபவன் யார் என்பதில் எவருக்கும் குழப்பமில்லை.

தோற்றோர் தனித்து நிற்கும் இடங்கள்

45ஆம் காட்சியில் ஆடையின்றிக் கைகட்டப்பட்ட ஆடவரைப் பெண்கள் எரியும் தீவட்டிகளால் வதைக்கின்றனர். திராயான் இங்கில்லை. டேசியப் பெண்கள் ரோமப் போர்க்கைதிகளைக் கொடுமைப்படுத்துகின்றனர் என்பதே நெடுங்காலமாக வழங்கும் விளக்கம். பல நூல்களில் இது ஐயத்திற்கிடமற்ற தலைப்பாகவே அச்சாகியுள்ளது. டேசியரின் தாக்குதலால் துன்புற்ற மீசியா மாநிலப் பெண்கள் டேசியக் கைதிகளைப் பழிவாங்குகின்றனர் என்பது மாற்று விளக்கம்.

சிற்பத்தின் அமைப்பை வைத்து நோக்கினால் முதல் விளக்கம் அதற்குரிய உறுதியைப் பெறவில்லை. சற்று முன்னர், 43ஆம் காட்சியில், கோட்டைக்குள் அடைபட்டிருப்போர் டேசியக் கைதிகள். 44ஆம் காட்சியில் திராயான் வீரர்களுக்குப் பரிசளிக்கிறான். கதை ரோமப் பக்கத்தில் நிற்கும்போது திடீரென டேசிய ஊரொன்றுக்குத் தாவ வேண்டிய காரணம் தெளிவாக இல்லை. மற்றொன்றும் நோக்கத்தக்கது. இப்பட்டையில் காயமுற்ற ரோம வீரர் உண்டு. 40ஆம் காட்சியில் அவர்களுக்கு மருத்துவம் நடைபெறுகிறது. இறந்த ரோமரைச் சிற்பிகள் காட்டவே இல்லை. தம் படையின் ஒரு பிணத்தையும் செதுக்காதோர், தம் வீரர் ஆடையிழந்து பெண்கள் கையில் வதைபடுவதை மட்டும் செதுக்கினர் என்று கொள்வது எளிதன்று. ஆயினும் மாற்று விளக்கத்தையும் முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது. பகைவரின் கொடுமையைக் காட்டிப் போரை நியாயப்படுத்தும் வழக்கமும் வென்றோர் கலையில் உண்டு. வதைப்போர் உடையும் வதைபடுவோர் உடலும் ஐயத்தைத் தீர்க்குமளவுக்கு வேறுபடவில்லை. குறை முதல் விளக்கத்தைக் கொண்டதில் இல்லை; அதைப் படத்தின் அடியில் தலைப்பாக எழுதியதில் உள்ளது. காட்டுமிராண்டித்தனம் தோற்றோர்க்கு உரியது என்ற முன்முடிவு இல்லாதவர் அத்தலைப்பை அவ்வளவு விரைவில் எழுதியிருக்க மாட்டார்.

முன்முடிவு எதிர்த்திசையிலும் செல்லும் என்பதற்கு 120, 121ஆம் காட்சிகள் சான்று. அதற்குச் சற்று முன்னர் டேசியர் தம் கட்டடங்களுக்குத் தாமே தீயிடுகின்றனர். பின்னர் மதிலுக்குள் ஒரு பெரிய கலம். அதிலிருந்து எதையோ முகந்து கொடுக்கின்றனர். சுற்றிநிற்போர் கையை நீட்டி வாங்குகின்றனர். அருகில் சிலர் சாய்ந்துகிடக்க, சிலர் அவர்களுக்காக அழுகின்றனர். கலத்தில் உள்ளது நஞ்சு, அடிமையாவதைவிடச் சாவதே மேல் என்று டேசியத் தலைவர்கள் கூட்டாக உயிர்விடுகின்றனர் என்பது பழைய விளக்கம். நீர் தீர்ந்துபோன முற்றுகையில் கடைசித் தண்ணீரைப் பகிர்கின்றனர் என்பது பின்னைய விளக்கம்.

இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவு சிறிதன்று. ஒன்றில் அவர்கள் மானம் காத்து மாண்டோர். மற்றொன்றில் தாகத்தால் வாடிய மனிதர். நஞ்சு என்ற விளக்கத்தின் ஈர்ப்பு எளிதில் புரிவதே. ருமேனியாவில் இத்தூண் தம் இனத்தின் பிறப்புச் சான்றாகப் போற்றப்படுகிறது. அதன் வார்ப்புகள் புக்கரெஸ்டு தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுள்ளன. வென்ற ரோமரும் தோற்ற டேசியரும் ஒருங்கே முன்னோராகும்போது, தோற்றோர்க்கு ஒரு பெருஞ்சாவு வேண்டியதாகிறது. தண்ணீர் அதைத் தருவதில்லை. ஆனால் முகக்கும் கலமும் நீட்டிய கைகளும் தாகத்தையே முதலில் நினைவூட்டுகின்றன. சாவதற்கு அவ்வளவு ஆவலோடு கைநீட்டுவோர் உண்டோ என்னும் வினாவுக்கு நஞ்சு என்போர் போதிய விடை தரவில்லை. சாய்ந்துகிடப்போரை முற்றுகையின் பசியும் தாகமும் விளக்கிவிடும்.

வென்றவன் புகழைப் பாடும்போதே பகைவர் நாட்டின் அழிவுக்கு இரங்குவதைத் தமிழ்ப் புறப்பொருள் மரபு கொற்றவள்ளை எனத் தனித் துறையாக்கியது. அங்கே இரங்கும் குரல் யாருடையது என்பதில் ஐயமில்லை, புலவன் பேசுகிறான். தூணில் அத்தகைய குரல் இல்லை. ஆதலால் அழுகின்ற டேசியரைக் கண்டு சிற்பி இரங்கினான் என்று சில திறனாய்வாளர் எழுதுவதும், வெற்றியின் பெருமையை உயர்த்தவே அழுகையைச் செதுக்கினான் என்று வேறு சிலர் எழுதுவதும் சிற்பத்துக்கு வெளியே பெறப்பட்ட முடிவுகளே.

ஒரு சாவும் இரண்டு கற்களும்

எழுத்து சேரும்போது என்ன நிகழ்கிறது என்பதை அறிய ஓர் அரிய வாய்ப்பு உண்டு. 145ஆம் காட்சியில் டெசிபாலஸ் மரத்தடியில் மண்டியிட்டு, வளைந்த கத்தியால் தன் கழுத்தை அறுக்கிறான். குதிரைமேல் விரைந்துவரும் ரோம வீரனின் நீட்டிய கை அவனை இன்னும் எட்டவில்லை. அடுத்து, 147ஆம் காட்சியில், அவன் தலையும் கையும் ஒரு தட்டில் வைத்துப் படைக்குக் காட்டப்படுகின்றன.

1965இல் வடகிரேக்கத்தில், பழைய பிலிப்பி நகரை அடுத்த கிராமெனி என்னும் ஊரில் ஒரு கல்லறைக் கல் கிடைத்தது. திபேரியஸ் கிளாடியஸ் மாக்சிமஸ் என்னும் குதிரைவீரன் தான் உயிரோடிருக்கும்போதே எழுப்பிய கல் அது. தான் டெசிபாலஸைப் பிடித்ததையும், அவன் தலையை ரானிஸ்டோரம் என்னும் இடத்தில் பேரரசனிடம் கொண்டுசேர்த்ததையும் அதில் பொறித்துள்ளான். எழுத்தின் மேலே சிற்பமும் உண்டு: பாயும் குதிரையின்முன் டேசிய மன்னன் சாய்கிறான், வளைந்த கத்தி அவன் கையைவிட்டு நழுவுகிறது. இக்கல்லை மைக்கேல் ஸ்பைடல் 1970இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்.

தூணிலுள்ள பெயரற்ற குதிரைவீரன் ஒருவனுக்கு இவ்வாறு பெயர் கிடைத்ததை ஆய்வுலகம் கொண்டாடியது இயல்பே. அக்கொண்டாட்டத்தில் ஒரு வேறுபாடு போதிய கவனம் பெறவில்லை. கல்லறைக் கல்லின் எழுத்து மன்னனைப் 'பிடித்ததாக'க் கூறுகிறது. தூணின் காட்சியில் பிடிக்க முடியவில்லை. கை நீள்வதற்குள் கத்தி கழுத்தை அடைந்துவிட்டது. பதவி உயர்வு பெற்ற வீரனுக்குப் பிடித்தல் தேவைப்பட்டது. பேரரசனின் தூணோ, மன்னன் தன் சாவைத் தானே தேர்ந்ததை மறைக்கவில்லை. மறைத்திருந்தால் வென்றவனுக்கு ஈடான பகைவன் இல்லாமற் போயிருப்பான். எழுத்து ஒரு பொருளை நிலைநிறுத்தியபோது அது வீரனின் பொருளாகவே நின்றது.

மார்க்கஸ் அரேலியஸ் தூணின் தெளிவு

திராயான் தூணை முன்மாதிரியாகக் கொண்டு, மார்க்கஸ் அரேலியஸ் தன்யூபு ஆற்றின் வடக்கே நடத்திய போர்களைச் சித்திரிக்கும் மற்றொரு தூண் 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. அதன் காவலனாயிருந்த அத்ராஸ்டஸ் என்பவன் அருகில் வீடு கட்ட இசைவு பெற்ற செய்தி 193ஆம் ஆண்டுக் கல்வெட்டில் உள்ளதால், அதற்குள் தூண் முடிந்துவிட்டது உறுதி. இங்குச் சிற்பிகள் முன்னதன் குறையை உணர்ந்து செயல்பட்டுள்ளனர். சுற்றுகள் குறைந்து பட்டை உயர்ந்தது. உருவங்கள் எண்ணிக்கையில் குறைந்து அளவில் பெருத்தன. செதுக்கல் ஆழமாகி நிழல் கூடியது. பேரரசன் பல இடங்களில் பார்ப்போரை நேர்முகமாக நோக்குகிறான். கீழே நிற்போர்க்கு இது எட்டும்.

அத்தெளிவால் தோற்றோர்க்குக் கிடைத்தது என்ன என்பதே வினா. 20ஆம் காட்சியில் ஊர் எரிகிறது, ஆடவர் வெட்டப்படுகின்றனர், குழந்தையோடு ஓடும் பெண்ணை வீரன் தலைமயிரைப் பற்றி இழுக்கிறான். 61ஆம் காட்சியில் வரிசையாக நிற்போர் தலை வெட்டப்படுகிறது. வெட்டும் வாளேந்தியோரும் செர்மானியரே என்று கருதப்படுகிறது. திராயான் தூணில் பெண்கள்மீது ரோம வீரர் கைவைப்பதைக் காண இயலாது. இங்கு அது வெளிப்படை. இம்மாற்றத்தை அக்காலப் போரின் கடுமையால் விளக்குவோர் உளர். அவ்விளக்கம் போதாது. டேசியப் போர் அதைவிட மென்மையாக நடந்தது என்பதற்குத் தூணைத் தவிர வேறு சான்றில்லை. தூணையே சான்றாகக் கொள்வது வட்ட வாதமாகும். டேசிய எல்லைக்கருகே அதாம்கிலிசியில் 109இல் திராயான் பெயராலேயே அர்ப்பணிக்கப்பட்ட வெற்றிச் சின்னத்தின் சதுரக் கற்களில், வண்டியைச் சுற்றிக் குடும்பத்தோடு சிக்கியோர் வெட்டுண்டு கிடக்கின்றனர். தலைநகரில் மறைந்தது எல்லையில் மறையவில்லை.

ஆகவே மார்க்கஸ் தூணில் ஐயம் நீங்கியது தோற்றோரின் குரல் கேட்டதால் அன்று. அவர்களுக்குச் செய்யப்படுவதைத் தவிர அவர்கள் செய்வதாக எதுவும் மிஞ்சாததால். திராயான் தூணின் டேசியர் மதிலுக்குள் ஏதோ செய்துகொண்டிருந்தனர்: தீயிட்டனர், பகிர்ந்தனர், அழுதனர். அதனாலேயே அவர்களைப் பற்றி வினா எழுகிறது.

கடைசிச் சுற்று

இரு போர்களுக்கும் நடுவே, 78ஆம் காட்சியில், வெற்றித் தேவதை கேடயத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள். அக்கேடயத்தில் செதுக்கிய எழுத்து ஏதுமில்லை. அதை நிரப்பும் பணியை அல்ஃபோன்சோ சாக்கோன் 1576இல் வெளியிட்ட உரைமுதல் அறிஞர்கள் செய்துவருகின்றனர்.

பட்டை தூணின் தலைப்பை நெருங்கும் கடைசிக் காட்சிகளில் திராயான் இல்லை. ரோமப் படையின் வெற்றி ஊர்வலமும் இல்லை. டேசியர் மூட்டைகளோடும் பிள்ளைகளோடும் நடக்கின்றனர். சிக்கோரியஸ் முதலியோர் இதை நாடுகடத்தலாகக் கண்டனர். போர் ஓய்ந்தபின் மக்கள் தம் ஊருக்குத் திரும்புவதாகக் கண்டோரும் உளர். எந்தத் திசையில் அவர்கள் ஊர் இருக்கிறது என்பதைப் பட்டை காட்டவில்லை. அவர்களுக்கு முன்னே மாடுகளும் ஆடுகளும் செல்கின்றன. பட்டை குறுகிக் குறுகி, ஒரு விலங்கு மட்டும் நிற்கக்கூடிய இடமாகி, தூண்தலைப்பின் அடியில் முடிகிறது. தரையிலிருந்து அது தெரிவதில்லை.